ஒன்பதாம் நடை

நிலச்செய்தி வழக்கம்போல் காலை பத்து நாற்பதுக்கு வந்தது. எப்போதும் ஒரு வரிதான் இருக்கும். ‘உங்கள் நிலம் நேற்றிலிருந்து அரை விரற்கடை கிழக்கே வந்திருக்கிறது’ என்றோ, ‘அசைவில்லை’ என்றோ. லிங்கக்கனி ஒரு மிடறு டீக்கு ஒரு சொல் என்று வாசிப்பார். டீ முடியும்போது செய்தியும் முடிந்துவிடும். இன்றைக்கு டீ முடிந்து, கடைக்காரன் கிளாஸை வாங்கிக் கழுவியும் வைத்துவிட்டான், செய்தி முடியவில்லை. நாலு வரி இருந்தது.

‘உடையடிவிளைக் குடியிருப்பு. வீடுகள் அறுபத்து மூன்று. இக்குடியிருப்பு ஓர் இயற்கை நடையின் குறுக்கே நிற்பதாக அறியப்பட்டுள்ளது. நடையின் பெயர் எதிர்நடை. தொண்ணூறு நாளில் விலகிக்கொள்ளவும்.’

எழுத்துக் கூட்டக் கற்றதே நாற்பத்தோரு வயதில்தான். அதனால் எதையும் ஒரு தடவை வாசித்து நம்பும் பழக்கம் அவருக்கு இல்லை. விரலை வைத்து மூன்றாம் தடவை வாசித்துக்கொண்டிருந்தபோது மச்சினன் சுயம்பு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“என்னத்தான், நிலம் என்ன சொல்லுது? கொட்டாவி விட்டுச்சா?”

“நம்மளப் போகச் சொல்லுதுவே.”

“எங்க?”

“அது போடல.”

சுயம்பு கைப்பேசியை வாங்கிப் பார்த்தான். அவனுக்கு எழுத்து தெரியாது. இருந்தாலும் பார்த்தான். “நாம எதுக்குக் குறுக்க நிக்கோம்? நாம பாட்டுக்கு ஒரு ஓரமாத்தானே கிடக்கோம்” என்றான்.

நிலநடைப்படம் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஏரிக்குள் வீடு கட்டி, ஆற்றுக்குள் பஸ் ஸ்டாண்டு கட்டி, மழை வந்தபோது வானத்தைத் திட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அப்படியில்லை. மேலே நான்கு பார்வைக்கோள்கள் சுற்றுகின்றன. முறைவைத்து ஒவ்வொரு நாளும் காலை பத்தரைக்கு ஒன்று ஊரை ஒட்டிய செம்மணல் தேரியைக் கடக்கும்போது படம் எடுக்கிறது. நேற்றைய படத்தின்மேல் இன்றைய படத்தை வைத்துப் பார்ப்பதுதான் நடைகணிப்பானின் வேலை. எங்கே மண் குறைந்தது, எங்கே கூடியது, குறைந்ததுதான் கூடினதா, கொண்டுபோனது யார்.

கொண்டுபோனவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கையெழுத்து உண்டு. காற்று என்றால் மண்ணில் வரி வரியாக விழும். ஆறு என்றால் கிளை பிரியும். மலைச்சரிவு நாக்கை நீட்டினதுபோல இறங்கும். கறையான் குமிழ் குமிழாக எழுப்பும். பொக்லைனும் லாரியும் என்றால் வெட்டு நேராக இருக்கும், சூடும் தெரியும். காற்று, ஆறு, மழை, அலை, சரிவு, உப்பு, பூச்சி, எஞ்சின். ஆக எட்டு நடை. கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இயற்கை. இயற்கையின் நடைக்குக் குறுக்கே யாரும் நிற்கக் கூடாது, நின்றால் மனுஷன்தான் விலக வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம். மலையிலும் ஆற்றங்கரையிலும் எத்தனையோ உயிர் அதனால் பிழைத்திருக்கிறது. லிங்கக்கனியே பலரிடம் அதை மெச்சிப் பேசியிருக்கிறார். அவருக்கு அதில் வேலையும் இருந்தது. படம் காட்டுகிற இடத்துக்கு நேரில் போய், ஒரு சிறு கருவியில் வருகிற கேள்விகளுக்குப் பதில் தட்டிவிட்டு வருகிற சரிபார்ப்புக் கூலி அவர்.

அவருக்குத் தெரிந்தது எட்டு நடை. இந்த எதிர்நடை என்பது என்னவென்று விளங்கவே இல்லை. மறுநாள் நிலநடை அலுவலகத்துக்குப் போனார்.

அலுவலகத்தின் களப் பொறுப்பாளர் ஆதிரை. நாற்பத்து நாலு வயது. வடக்கேயிருந்து வந்தவர், வந்த ஆறு வருஷத்தில் ‘அண்ணாச்சி’ மட்டும் இந்த ஊர்க்காரர்போலச் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார்.

“வாங்க அண்ணாச்சி. நானே கூப்பிடணும்னு இருந்தேன். வருத்தமாத்தான் இருக்கு. ஆனா இதைப் பாருங்க” என்று சுவர்த்திரையை இயக்கினார்.

திரையில் தேரி கிடந்தது. சிவப்பு மணல் மேடு, அதன் கிழக்கு விளிம்பில் அறுபத்து மூன்று கூரைகள்.

“ஆனியிலேர்ந்து ஆவணி வரைக்கும் மேல்காத்து அடிக்குது. மணல் கிழக்கே உங்க வீட்டுப் பக்கம் வருது. இது காற்றுநடை. சரியா? இப்ப ஐப்பசியைப் பாருங்க. முதல் மழை விழுந்த மறுநாள்.”

படம் மாறியது. வீட்டு வாசல்களிலிருந்து நூல்போல மெல்லிய கோடுகள் கிளம்பின. மேற்கே, மேட்டின்மேல் ஏறி, ஒன்றோடொன்று நெருங்கி, உச்சியைத் தாண்டி அந்தப் பக்கத்தில் ஒரே வரப்பாகப் படிந்தன.

“மண்ணு காத்துக்கு எதிரா, மேட்டுமேல, தானா ஏறிப் போகுது. நாப்பத்தஞ்சு நாள். கார்த்திகைக் கடைசியில நின்னுடுது. எஞ்சின் சூடு இல்ல, சக்கரத்தடம் இல்ல. நிலநடைப்படம் வர்றதுக்கு முன்னால எடுத்த பழைய படங்கள்லயும் தேடிப் பார்த்தோம், நாப்பது வருஷமா ஒரு வருஷம் தவறாம நடக்குது. உலகத்துல வேற எங்கயும் இல்ல. ஒன்பதாம் நடை, அண்ணாச்சி. நாமதான் கண்டுபிடிச்சிருக்கோம்.”

அவர் குரலில் வருத்தத்தைவிடப் பெருமை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. லிங்கக்கனி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். கோடுகளை எண்ணினார். அறுபத்து மூன்று. தெற்கேயிருந்து பதினோராவது கோடு மட்டும் நேரே போகாமல், கிளம்பின இடத்திலேயே ஒரு வளைவு வளைந்து, கிணற்றைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

அந்த வளைவை அவருக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கொழுந்தியாளோடு ஒரு கோழியைப் பற்றிச் சண்டை வந்தது. அன்றிலிருந்து அவர் பெஞ்சாதி பொன்புஷ்பம் அந்த முற்றத்தை மிதிப்பதில்லை. தலையில் பெட்டியோடு கிணற்றைச் சுற்றித்தான் போவாள். அவள் சுற்றினால் அவரும் சுற்றித்தான் ஆக வேண்டும். அந்தக் கோழிச் சண்டை வானத்திலிருந்து தெரிகிறது.

அவர் திரையிலிருந்து இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தார்.

உடையடிவிளையில் அது ஒரு பழக்கம். அதற்குப் பேர்கூடக் கிடையாது. மேல்காற்றுக் காலத்தில் தேரி மண் வாசலுக்கு வரும். ஒருத்தர் வாசலில் விழுந்த மண்ணை அடுத்தவர் வாசலுக்குத் தள்ளக் கூடாது. அது எங்கேயிருந்து வந்ததோ அங்கே கொண்டு போட வேண்டும். காய்ந்த மண்ணைப் போட்டால் உடனே திரும்பி வந்துவிடும், அதனால் ஐப்பசி மழையில் நனைந்து கெட்டியாகும்வரை காத்திருப்பார்கள். பிறகு தினமும் தலைக்கு ஏழு பனையோலைக் கடவப்பெட்டி. விடிகிற நேரத்தில் ஆரம்பித்து, வெயில் ஏறி மணல் காலைச் சுடுவதற்கு முன் முடித்துவிட்டு, அவரவர் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். ஒன்பது மணிக்குக் கடல்காற்று எழும்பிக் காலடித் தடத்தையெல்லாம் துடைத்துவிடும். பத்தரைக்குப் படம் எடுக்கிறபோது ஆளும் இருக்காது, தடமும் இருக்காது. மண் மட்டும் இடம் மாறியிருக்கும், பெட்டியிலிருந்து உதிர்ந்த ஈர மண் வழியெல்லாம் கோடாகக் கிடக்கும்.

“மேடம்” என்றார் மெதுவாக. “ஒருவேளை... ஆளுங்க யாராவது செய்ததா இருந்தா?”

ஆதிரை சிரித்தார். “எனக்கும் முதல்ல அந்தச் சந்தேகம்தான். அதனாலதானே நேர்ல ஆள் அனுப்பிச் சரிபார்த்தோம். இதோ.” திரையின் ஓரத்தில் ஒரு கட்டம் திறந்தது. ‘இவ்விடத்தில் மனிதர் மண்ணை இடம் மாற்றுகிறார்களா? இல்லை. சரிபார்த்தவர்: மா. லிங்கக்கனி.’

அந்த நாள் அவருக்கு நினைவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், தன் வீட்டுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, அந்தக் கேள்வியை அரைமணி நேரம் வாசித்தார். தேரி மண்ணில் விலையுள்ள தாது இருக்கிறது. கள்ளத்தனமாக அள்ளுகிறவனுக்கு மூன்று வருஷம் என்று ரோட்டு முக்கில் போர்டு வைத்திருக்கிறார்கள். சுயம்பு ஓட்டிக்கொண்டிருந்த யாரோ ஒருவருடைய டிராக்டரை மண்ணோடு பிடித்து, இவனையும் பிடித்து, எட்டு மாதம் கோர்ட்டுக்கு அலையவிட்டார்கள். மண்ணைத் தொட்டாயா என்று அரசாங்கம் கேட்டால் இல்லை என்று சொல்வதுதான் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பதில். தட்டிவிட்டார்.

“மனுஷங்கதான்னு இருந்தா என்ன மேடம் செய்வாங்க?”

“அப்ப இயற்கை இல்ல, குற்றம். நடையை மாத்தின குற்றம். அதுவும் நாப்பது வருஷம்னா...” ஆதிரை சொல்லிக்கொண்டே போனவர் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்” என்றார் லிங்கக்கனி.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மண் நடக்கிறது, அதனால் நீ போ என்கிறார்கள். நடக்கிறது மண் இல்லை, நான்தான். என் நடைக்குக் குறுக்கே நான் எப்படி நிற்க முடியும்? நான் போய்விட்டால் நடக்கிறது யார்? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் “என்ன அண்ணாச்சி, தனியாப் பேசுதீங்க” என்று கேட்டதற்கு, “தனியாத்தானான்னுதான் தெரியல” என்றார்.

ஊர் கோயில் முன்னால் கூடியது. அவர் எதையும் மறைக்கவில்லை. தான் தட்டின ‘இல்லை’யையும் சொன்னார். பொன்புஷ்பம்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“ஊரக் காலி பண்ணவா எழுதப் படிக்கப் போனீங்க? ஒரு எழுத்து எழுதினா அழிக்கவும் சொல்லித் தரலியா அங்க?”

“அத அழிச்சா எல்லாரையும் புடிச்சு உள்ள போடுவாங்க, ஏட்டி.”

சுயம்பு விரலை மடக்கினான். “ஆக, மண்ணு தானாப் போகுதுன்னா நாம ஊர விட்டுப் போகணும். நாம கொண்டு போறோம்னா ஜெயிலுக்குப் போகணும். எப்படிப் பாத்தாலும் நாமதான் போகணும். மண்ணுக்கு ஒண்ணுமில்ல.”

“இந்த வருஷம் அள்ளாம விட்டா?” என்று யாரோ கேட்டார்கள்.

“அள்ளாம விட்டா அடுத்த ஆவணிக்கு மண்ணு கதவத் திறந்து உள்ள வந்து உக்காரும். அதுக்கு நோட்டீஸ்கூட கிடையாது” என்றாள் பொன்புஷ்பம்.

ஒரு முடிவும் வராமல் கூட்டம் கலைந்தது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சொன்னதை அவர்களே மறுத்தார்கள். லிங்கக்கனி தூங்காமல் கிடந்து, காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி பஸ் ஏறினார். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் தன் பெயரை மட்டும் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டார். அறுபத்து மூன்று கோட்டையும் ஒருத்தனே போட்டேன் என்றால் நம்புவார்களா என்பதை யோசிக்கவில்லை.

ஆதிரை நம்பவில்லை. ஆனால் அந்த வளைவைப் பற்றி அவர் சொன்னபோது, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கோழியைப் பற்றி இரண்டு தடவை கேட்டார்.

“அது என்ன நிறக் கோழி?” என்றார் கடைசியில்.

“கறுப்பு மேடம். ஏன்?”

“தெரியல. எதையாவது கேக்கணும்போல இருந்தது.”

ஐப்பசி முதல் மழை விழுந்தது. மறுநாள் விடிகிறபோது ஆதிரை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டின்மேல் நின்றார். கீழே வீடுகளிலிருந்து ஆட்கள் வரிசையாகக் கிளம்பினார்கள். நூற்று எண்பத்தெட்டுப் பேர். தலையில் சும்மாடு, அதன்மேல் பெட்டி, பெட்டியில் ஈரச் செம்மண். பதினோராவது வீட்டிலிருந்து கிளம்பின ஒரு பொம்பளை, கிணற்றைச் சுற்றி நடந்தாள். ஆதிரை அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

“நாங்க குத்தவாளியா மேடம்?” என்று கேட்டார் பக்கத்தில் நின்ற லிங்கக்கனி.

“எனக்கு ஒண்ணும் புரியல அண்ணாச்சி. நான் போன மாசம்தான் இதைப் பத்தி ஒரு பெரிய கூட்டத்துல பேசிட்டு வந்தேன். எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. இவங்களுக்கா தட்டினாங்க?”

ஆனாலும் அவர் வேலையைத் தெரிந்தவர். நாலு பெட்டியை எடை போட்டார். ஆட்களை எண்ணினார். ஒவ்வொருவர் நடையையும் படம்பிடித்தார். எல்லாவற்றையும் நடைகணிப்பானுக்கு ஊட்டினார். பார்வைக்கோள்களில் ஒன்றை விடியற்காலையில் கடக்கும்படி திருப்பக் கேட்டு, மேலிடத்தில் அனுமதி வாங்கினார். கண்டுபிடித்த பெருமை போனாலும் பரவாயில்லை, தப்பான படத்தில் என் பெயர் இருக்கக் கூடாது என்று அவர் சொன்னதாக டிரைவர் பின்னால் வந்து சொன்னார்.

பதினோரு நாள் கழித்து நடைகணிப்பானின் தீர்ப்பு வந்தது. ஆதிரையே ஊருக்கு வந்து வாசித்தார். எழுதியிருந்தது இவ்வளவுதான்.

‘எதிர்நடையின் காரணம் உறுதி செய்யப்பட்டது. உடையடிவிளையில் வாழும் உயிர்கள். எஞ்சின் இல்லை. லாப நோக்கம் இல்லை. கொண்டுபோன மண் விற்கப்படவில்லை, பயன்படுத்தப்படவில்லை. ஒரே பருவம், ஒரே வழி, ஒரே அளவு, நாற்பது வருஷம். இப்பண்புகள் எட்டாம் வகையான எஞ்சின் நடைக்குப் பொருந்தவில்லை. ஏழாம் வகையான பூச்சி நடைக்குப் பொருந்துகின்றன. கறையான், நண்டு, எறும்பு, உடையடிவிளை மக்கள். எதிர்நடை இயற்கை நடையாகத் தொடரும்.’

“அப்படின்னா?” என்றான் சுயம்பு.

“அப்படின்னா குற்றம் இல்ல. கறையான் மேல யாரும் கேஸ் போட முடியாது.”

“ஊரைக் காலி பண்ணணுமா?”

“கூடாது. நீங்கதான் நடை. நடையை அப்புறப்படுத்த யாருக்கும் அதிகாரம் இல்ல. கலெக்டருக்கும் இல்ல.”

லிங்கக்கனிக்கு அழுகை வந்தது. சந்தோஷமா என்று தெரியவில்லை. எறும்புக்குப் பின்னால் தங்கள் பெயர் வந்தது அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. இருந்தாலும் வீடு நின்றது. பொன்புஷ்பம் அன்றைக்குக் கோழி அடித்தாள்.

அந்தக் கார்த்திகையில் உடையடிவிளைக்காரர்களுக்கு நல்ல மரியாதை கிடைத்தது. விடியற்காலையில் அவர்கள் பெட்டியோடு ரோட்டைக் கடந்தால் பஸ் நிற்கும். இயற்கை நடைக்குக் குறுக்கே ஹாரன் அடிக்கக்கூட டிரைவர்கள் பயந்தார்கள். ஒரு நாள் போலீஸ் ஜீப்பே பின்வாங்கி வழிவிட்டது. சுயம்பு வேண்டுமென்றே ஜீப்புக்கு முன்னால் நின்று, பெட்டியை இறக்கி, சும்மாட்டை அவிழ்த்து உதறி, மறுபடி கட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். எட்டு மாதம் கோர்ட்டுக்கு நடந்தவன். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அடுத்த ஐப்பசியில் லிங்கக்கனிக்கு வலது முட்டி வீங்கியது. மூன்றாம் நாள் மேட்டில் ஏற முடியவில்லை. பொன்புஷ்பம், “நீங்க கிடங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்று தனியாகப் போனாள். அன்றைக்கு நிலச்செய்தி முன்போல ‘உங்கள் நிலம்’ என்று ஆரம்பிக்கவில்லை.

‘இழை எண் 31. ஏழு பெட்டி குறைவு. காரணம் தெரிவிக்கவும்.’

இழை என்றால் அவர்தான். தீர்ப்புக்குப் பிறகு நடைகணிப்பான் காலடியையே எடைபோடக் கற்றுக்கொண்டிருந்தது. நூற்று எண்பத்தெட்டுப் பேருக்கும் தனித்தனி எண் கொடுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்து, சின்னதாக ஒரு ஆபரேஷன், மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்றார். பிறகு கணினியைப் பார்த்துவிட்டு, “நீங்க உடையடிவிளையா?” என்று கேட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

“மன்னிச்சிடுங்க. நிலநடை ஆபீஸ்லேர்ந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதம் வேணும். உங்க கால நிறுத்தி வைக்கிறது ஒரு இயற்கை நடையைத் தடுக்கிறதாயிடும். எனக்கு லைசென்ஸ் போயிடும்.”

“கால் என்னுது சார்.”

“கால் உங்களுதுதான்” என்றார் டாக்டர், சங்கடத்தோடு. “நடைதான்...”

லிங்கக்கனி விண்ணப்பம் எழுதினார். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆயிற்று. முட்டி சுரைக்காய்போல ஆகிவிட்டது. டாக்டர் சொல்லிவிட்டார், இன்னும் ஒரு வாரம் தள்ளினால் கால் மடங்காது, பிறகு எந்த ஐப்பசியிலும் மேடேற முடியாது. பதில் ஆதிரைக்கு வந்தது. அவர் எடுத்துக்கொண்டு வந்தார்.

“அனுமதி குடுத்துட்டாங்க” என்றார்.

பொன்புஷ்பம் நெஞ்சில் கைவைத்தாள். “நல்லா இருப்பீங்கம்மா.”

“ஒரு நிபந்தனை. மூணு மாசமும் இழை அறுபடக் கூடாது. அதே வழி, அதே நேரம், அதே ஏழு பெட்டி. யாராவது ஒருத்தர் இவருக்குப் பதிலாப் போகணும். களப் பொறுப்பாளர் ஏற்பாடு செய்யவும்னு போட்டிருக்கு.”

“நான் பதினாலு பெட்டியாச் சுமக்கேன்.”

“கூடாதாம். அப்ப உங்க இழை மாறிடும். இங்க யார் கூடுதலா எடுத்தாலும் அவங்க இழை மாறிடும். வெளியாளும் கூடாது. பாதுகாப்பு எல்லைக்குள்ள அலுவலர் மட்டும்தான் வரலாம்.”

“ஆபீஸ்ல ஆளு உண்டுல்லா?” என்றார் லிங்கக்கனி.

ஆதிரை பெருமூச்சு விட்டார். “ஆபீஸ்ல மூணு பேர். டைப் அடிக்கிற பொண்ணுக்கு நிறைமாசம். டிரைவருக்கு இப்பதான் குடலிறக்க ஆபரேஷன் ஆச்சு.”

மூன்றாவது ஆளை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

ஆதிரைக்கு அப்போதுதான் மாற்றல் உத்தரவு வந்திருந்தது. ஆம்பூருக்கு. ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே கணவரும், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற மகளும். மகள் தினமும் கூப்பிட்டு எத்தனை நாள் என்று கேட்பாள். தை மாதம் ஒன்றாம் தேதி அங்கே சேர வேண்டும். கார்த்திகையோடு எதிர்நடை நின்றுவிடும், மார்கழியில் பெட்டி படுக்கையைக் கட்டினால் சரியாக இருக்கும். முப்பது நாள்தானே என்றார் ஆதிரை. ஒருத்தர் கால் கெட்டுப்போக நாம் காரணமாகக் கூடாது என்றும் சொன்னார். தீர்ப்பை வாங்கித் தந்ததே தான்தான் என்பது அவருக்கு முள்போலக் குத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியும்போது வந்துவிட்டார். முதல் பெட்டியிலேயே கழுத்து ஒடிந்தது. மூன்றாவது பெட்டியில் மேட்டின் நடுவில் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த சுயம்பு நின்றான்.

“மேடம், வழியில உக்காராதீங்க. இயற்கைக்குக் குறுக்க உக்காந்தா ஆறு மாசமாம்.”

“நானும் இயற்கைதான் இன்னைக்கு. போங்க” என்றார் ஆதிரை, மூச்சு வாங்க. அவன் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லிங்கக்கனி காலை நீட்டிக் கட்டிலில் கிடந்து, ஜன்னல் வழியாக வரிசையைப் பார்ப்பார். மற்றவர்கள் நடப்பது கண்ணுக்குப் பழகிப்போனது. ஆதிரையின் நடை மட்டும் தனியாகத் தெரியும். தள்ளாடும், நிற்கும், மறுபடி கிளம்பும். பத்து நாளில் தள்ளாட்டம் குறைந்தது. இருபது நாளில் மற்றவர்களோடு சேர்ந்துவிட்டது. ஒரு நாள் அவர் ஜன்னலில் தேடிப் பார்த்தார், எது ஆதிரை என்று அவருக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. மண்டைக்குள் ஏதோ தப்பாகப் பட்டது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. முட்டி வலியில் அதை விட்டுவிட்டார்.

கார்த்திகை முடிய மூன்று நாள் இருந்தபோது, ஏழாவது பெட்டியைப் போட்டுவிட்டு ஆதிரை நேரே அவர் வீட்டுக்கு வந்து கொஞ்சம் தூங்கி எழுந்தார். பொன்புஷ்பம் கொடுத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டிருக்கும்போது கைப்பேசி துடித்தது. பத்து நாற்பது. ஆதிரை எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தார், அது சாய்ந்தது, அதைக்கூடக் கவனிக்கவில்லை.

“என்ன மேடம்?”

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீங்க கொஞ்சம் வாசிங்க அண்ணாச்சி. மெதுவாவே வாசிங்க.”

லிங்கக்கனி கைப்பேசியை வாங்கி, விரலை வைத்தார். எழுத்தெழுத்தாகப் போனார்.

“எதிர்நடையில்... புதிய இழை ஒன்று... சேர்ந்துள்ளது. இழை எண்... நூற்று எண்பத்து ஒன்பது. பருவம் பொருந்துகிறது. அளவு பொருந்துகிறது. லாப நோக்கம் இல்லை. தொடர்ச்சி... உறுதி. இவ்விழையை இடம் மாற்றுவது... நடையைத் தடுப்பதாகும்.” அவர் நிறுத்தி, கீழே தள்ளினார். இன்னொரு செய்தி இருந்தது. “ஆம்பூர் மாற்றல் உத்தரவு... ரத்து செய்யப்படுகிறது.”

நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து முதலிலிருந்து வாசிக்கப் போனார். ஆதிரை கையை நீட்டித் தடுத்தார்.

“நான் பதிலாத்தானே போனேன்” என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. “அவருக்குப் பதிலாத்தானே. அது எப்படி... நான் இதை எழுதிக் கேக்கறேன். காரணம் எழுதறேன். மனுஷின்னு எழுதறேன்.”

“எழுதுங்கம்மா” என்றார் லிங்கக்கனி. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே கடல்காற்று எழும்பி ரொம்ப நேரமாகியிருந்தது. மேட்டில் ஒரு தடம் கிடையாது. ஆதிரை சுவரில் சாய்ந்து கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பொன்புஷ்பம் சாய்ந்த டம்ளரை நிமிர்த்தி, தரையைத் துடைத்து, மறுபடி கஞ்சி ஊத்திக் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரம் அந்தக் கழுத்தையே பார்த்தாள்.

“நாளைக்குச் சும்மாட்ட இன்னும் ஒரு விரக்கடை பின்னால தள்ளி வைங்கம்மா” என்றாள். “போகப்போக வலிக்காது.”